நாற்பது புத்தகம் படித்தும் ஏன் நான் அப்படியே இருக்கிறேன்?

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி வாசிப்பு பற்றியே. அதிலும் பாதி, 'படித்தால் வாழ்க்கை மாறுமா' என்ற ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டவை. பெங்களூர்க் கடிதங்களாகப் பொறுக்கி எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, எனக்கு வயது 29. விருதுநகர் பக்கம் ஊர், பெல்லந்தூரில் வாடகை வீடு, ஐ.டி. வேலை. போன வருஷம் மட்டும் நாற்பதுக்கு மேல் சுயமுன்னேற்றப் புத்தகங்கள் படித்தேன். சீக்கிரம் எழுவது, பணம் சேர்ப்பது, கவனம் சிதறாமல் இருப்பது என்று எதையும் விடவில்லை. படிக்கும்போது உடம்பெல்லாம் ஒரு வேகம் வருகிறது. மறுநாள் அதே எட்டரை மணிக்குத்தான் எழுகிறேன், மீட்டிங்கில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். 'எல்லாவற்றையும் எடைக்குப் போட்டால் ஒரு குக்கராவது வாங்கலாம்' என்கிறாள் மனைவி. கோளாறு என்னிடமா, புத்தகத்திலா?
– பெல்லந்தூர் வாசகர்

இன்றைக்குப் பழைய பேப்பர் போகிற விலைக்கு குக்கர் வராது தம்பி, கேஸ்கட் வேண்டுமானால் வரும். அதனால் எடைக்குப் போட வேண்டாம். மற்றபடி உங்கள் மனைவி சொல்வதில் விஷயம் இருக்கிறது.

நீங்கள் சொல்கிற அந்த 'வேகம்' இருக்கிறதே, அதுதான் சிக்கல். காலையில் ஐந்து மணிக்கு எழுவதைப் பற்றி ராத்திரி பன்னிரண்டு மணி வரை படிக்கும்போது, எழுந்துவிட்ட திருப்தி அப்போதே கிடைத்துவிடுகிறது. சமையல் குறிப்பைப் படித்தே வயிறு நிறைந்துவிட்டால் அடுப்பை யார் பற்றவைப்பார்கள்? அந்தத் திருப்தி இரண்டு நாளில் வடிந்ததும் மறுபடி வேண்டும் என்று தோன்றுகிறது, அடுத்த புத்தகத்தை ஆர்டர் போடுகிறோம். இதைப் பொழுதுபோக்கு என்று ஒத்துக்கொண்டு படித்தால் ஒரு தப்பும் இல்லை, சீரியல் பார்ப்பதைவிட மோசமும் இல்லை. முன்னேற்றம் என்ற கணக்கில் எழுதும்போதுதான் உதைக்கிறது.

புத்தகங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. சாமுவேல் ஸ்மைல்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1859-இல் 'செல்ஃப் ஹெல்ப்' என்ற பெயரில் ஒரு புத்தகம் போட்டார், இந்த வகைக்கே பெயர் அதிலிருந்து நிலைத்தது என்று சொல்லலாம். உழை, சேமி, நேரத்தை வீணாக்காதே, விடாதே என்று அதில் இருந்த சரக்குதான் நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக அட்டை மாறி வந்துகொண்டிருக்கிறது. நடுநடுவே உண்மையிலேயே புதிதாகச் சொல்பவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் படித்தது நாற்பது புத்தகம் இல்லை, நாலு புத்தகத்தைப் பத்துப் பத்துத் தடவை படித்திருக்கிறீர்கள் என்பது என் சந்தேகம்.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். எழுவது, பணம், கவனம் என்று எல்லாரும் எழுதுவதை எழுதிவிட்டுக் கடைசியில் போகிற போக்கில் 'மீட்டிங்கில் வாயைத் திறக்காமல்' என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். எட்டரை மணிக்கு எழுவது உங்களை உறுத்துவதாக எனக்குத் தோன்றவில்லை, இது உறுத்துகிறது. ஏன் பேச வரவில்லை? ஆங்கிலத்தில் தடுமாற்றமா, டீமில் எல்லாரும் இந்தியிலோ கன்னடத்திலோ சிரித்துப் பேசும்போது ஒதுங்கிப் போகிறீர்களா, மேனேஜர் ஒருதரம் எல்லார் முன்னாலும் மட்டம் தட்டினாரா, இல்லை விஷயமே சரியாகப் பிடிபடவில்லையா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மருந்து. ஆங்கிலம்தான் காரணம் என்றால் தன்னம்பிக்கைப் புத்தகம் எதுவும் உதவாது, தினம் கால் மணி நேரம் ஏதாவது ஒன்றை வாய்விட்டுப் படிப்பதுதான் உதவும். விஷயம் பிடிபடவில்லை என்றால் படிக்க வேண்டியது உங்கள் தொழில் சம்பந்தப்பட்ட பாடப்புத்தகம்.

இன்னொன்று, படித்ததைத் தங்கவைப்பது. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு படித்து முடித்ததும் தாளை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை மூன்று தடவை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 40. வேடிக்கை என்னவென்றால், 'எனக்கு நன்றாக நினைவிருக்கும்' என்று அதிக நம்பிக்கையோடு சொன்னது திரும்பப் படித்த கூட்டம்தான். கிண்டிலில் மஞ்சள் மஞ்சளாகக் கோடு போட்டு வைத்திருப்பீர்களே, அதுவும் இந்த ரகம்தான். ஒரு அத்தியாயம் முடிந்ததும் மூடி வைத்துவிட்டு, ஏதாவது ஒரு பில்லின் பின்பக்கத்தில் நினைவு வருவதை எழுதுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் மறுபடி அதே அத்தியாயம்.

மூன்று மாதத்துக்குப் புதுப் புத்தகம் வாங்காதீர்கள். இருக்கிற நாற்பதில் மீட்டிங் பேச்சுக்குப் பக்கத்தில் வருகிற ஒன்றை எடுங்கள். ஒரு அத்தியாயம், ஒரு மீட்டிங். திங்கட்கிழமை முதல் பத்து நிமிஷத்துக்குள் ஒரு வாக்கியம் பேசிவிட வேண்டும், 'இந்த டேட் எப்படி முடிவு செய்தோம்?' என்ற கேள்வியாக இருந்தாலும் போதும். ராத்திரி வந்து அந்த அத்தியாயத்தின் ஓரத்தில் தேதி போட்டு நடந்ததை எழுதுங்கள். புத்தகம் சொன்னது பலிக்கவில்லை என்றால் 'சுத்தப் பொய்' என்று எழுதுங்கள், ஆசிரியர் வந்து சண்டை போடப்போவதில்லை. வாயைத் திறந்த கதையை மனைவியிடமும் சொல்லுங்கள், குக்கர் பேச்சு தானாகக் குறையும்.

வருஷத்துக்கு 52 புத்தகம் என்று இலக்கு வைத்தேன். ஜூன் வந்துவிட்டது, பதினொன்றாவது புத்தகத்தில் நிற்கிறேன். ஒரு தடிப் புத்தகம் நகரவே மாட்டேன் என்கிறது. விட்டுவிடலாமா?
– ஜெயநகர்

விட்டுவிடுங்கள், புத்தகத்தையும் இலக்கையும். எண்ணிக்கைக்காகப் படிக்க ஆரம்பித்தால் கை தானாக ஒல்லிப் புத்தகத்தைத்தான் தேடும்.

அம்மா, நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் ஸ்ரீராமபுரத்தில். வீட்டில் தமிழ்தான், படித்தது கன்னட மீடியம், பத்தாவது வரை. கன்னடத்தில் பேப்பர், கதை எல்லாம் படிப்பேன். தமிழ் ஒரு எழுத்து தெரியாது (இந்தக் கடிதம்கூட நான் சொல்ல, அண்ணி எழுதுகிறார்). அப்பா மில்லில் வேலை பார்த்தவர், தர்மபுரிக்காரர். போன ஆடியில் தவறிவிட்டார். டிரங்குப் பெட்டியில் அவர் கையால் எழுதிய ஆறு நோட்டு இருக்கிறது. ஃபோனில் படம் எடுத்தால் அதுவே படித்துச் சொல்லும் என்கிறான் மகன். எனக்கு நானே படிக்க வேண்டும். 46 வயதில் முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?
– ஸ்ரீராமபுரம் வாசகி

தாராளமாக முடியும். முதலில் ஒன்று, நீங்கள் 'பத்தாவது வரை' என்று கூச்சத்தோடு எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். கன்னடத்தில் கதை படிக்கிற ஆளுக்கு வாசிப்பு ஏற்கனவே கைவசம் இருக்கிறது. புதிதாகப் பழக வேண்டியது எழுத்தை மட்டும், அதிலும் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

மெய்யோடு உயிர் சேரும்போது ஒரு குறி ஒட்டிக்கொள்கிற முறை இரண்டு மொழிக்கும் ஒன்றே. கன்னடத்தில் ககரத்துக்கு நாலு எழுத்து படித்திருப்பீர்கள், தமிழில் ஒரே ஒரு 'க'. கடை, பகல், தங்கம் மூன்றையும் சொல்லிப் பாருங்கள், மூன்று இடத்திலும் சத்தம் வேறு, எழுத்து ஒன்று. வெளிநாட்டுக்காரர்கள் இந்த இடத்தில் திணறுவார்கள். உங்களுக்கு வாயில் தமிழ் இருப்பதால் கண் எழுத்தைப் பார்த்ததுமே நாக்கு சரியான சத்தத்தை எடுத்துக்கொள்ளும். நீங்கள் தடுமாறப்போகிற இடம் வேறு. கெ, கே, கை என்று எழுதும்போது கொம்பும் சங்கிலியும் எழுத்துக்கு முன்னால் வரும், 'கொ' என்றால் இரண்டு பக்கமும் வரும். கன்னடத்தில் இப்படி இல்லை. கண் முதலில் கொம்பைப் பார்த்துக் குழம்பும், ஒரு மாதத்தில் பழகிவிடும். அப்புறம் 'ழ', இன்றைய கன்னடத்தில் அந்த எழுத்தே இல்லை.

அரிச்சுவடி வாங்கி 247 எழுத்தையும் மனப்பாடம் செய்யப் போகாதீர்கள், பத்து நாளில் சலித்துவிடும். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, குறிகள், அவ்வளவு போதும். அதற்கு அப்புறம், என்ன எழுதியிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த காகிதங்களைப் படியுங்கள். வீட்டில் கல்யாணப் பத்திரிகை கிடக்கும், அம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ் கிடக்கும், தமிழ்ப் பேப்பரில் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் பெரிய எழுத்தில் வரும். 'நிகழும் மங்களகரமான' என்று பத்திரிகை தொடங்கும் என்பது உங்களுக்குக் காதால் தெரியும், எழுத்தைப் பார்த்து அதோடு பொருத்திக்கொண்டே போகலாம். அடுத்தது பேப்பர் தலைப்புகள், சிறுவர் கதைகள். அதன் பிறகு நோட்டு.

நோட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-இல். அதற்கு முன் பள்ளிக்கூடம் போனவர்கள் ணை, லை, ளை, னை நாலையும் சங்கிலிக்குப் பதிலாக எழுத்தின் மேல் துதிக்கை மாதிரி ஒரு வளைவு வைத்து எழுதுவார்கள். ணா, றா, னா மூன்றுக்கும் தனி வடிவம் இருந்தது. அப்பா அப்படித்தான் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். நீங்கள் படிக்கப்போகிற புதுப் புத்தகம் எதிலும் அந்த எழுத்துகள் இருக்காது, அதனால் எதிரே வரும்போது 'நமக்குத்தான் தெரியவில்லை' என்று கலங்க வேண்டாம். அண்ணியிடமோ தெருவில் வயதான யாரிடமோ அந்த ஏழு எழுத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி வாங்கிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். மகன் சொன்னதும் தப்பில்லை, நோட்டுகளை அவன் இப்போதே படம் எடுத்து வைக்கட்டும், பழைய மை மங்கிக்கொண்டே போகும். ஆனால் கையெழுத்தை ஃபோன் தாறுமாறாகத்தான் படிக்கும், அதை நம்பாதீர்கள். மில் ஆட்களின் நோட்டில் பாதி கடன் கணக்கும் சீட்டுக் கணக்கும்தான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதிலேயே உங்கள் அப்பா நிறைய இருப்பார்.

மகள் பி.காம். இரண்டாம் வருஷம். எந்நேரமும் கதைப் புத்தகம். உருப்படியாக எதையும் படிப்பதில்லை. கதை படிப்பது ஆளுமை வளர்ச்சிக்கு உதவுமா, ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா?
– இந்திராநகர்

இருக்கிறது, ஆனால் அதை நம்பி மகளுக்காக வாதாட மாட்டேன். இலக்கியக் கதை படித்தால் அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்ளும் திறன் உடனடியாகக் கூடுகிறது என்று 2013-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்து உலகமெல்லாம் பேசப்பட்டது. சில வருஷத்தில் வேறு ஆய்வாளர்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது அந்த முடிவு வரவில்லை. ஆக, நாலு பக்கம் கதை படித்தால் நல்ல மனுஷி ஆகிவிடுவாள் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. வயிற்றெரிச்சல் பிடித்த மனுஷர்களும் நாவல் படிப்பவர்களாக இருப்பதை எழுத்தாளர் கூட்டம் எதற்காவது போனால் நீங்களே பார்க்கலாம்.

இருந்தாலும் அவளை விடுங்கள். தினம் பல மணி நேரம் ஒரே இடத்தில் கவனத்தை நிறுத்த இந்த வயதில் அவளுக்கு முடிகிறது, முதல் கடிதம் எழுதிய தம்பி நாற்பது புத்தகம் வாங்கித் தேடியது அதைத்தான். உங்களால் முடிந்த ஒரு காரியம், ராத்திரி சாப்பிடும்போது 'இப்ப படிக்கிறதுல என்னடி கதை?' என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும், கதை முடிந்ததும் செமஸ்டர் மார்க்குக்குத் தாவக் கூடாது.

வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. தூக்கம் இல்லை. 'நினைத்தால் முடியும்' வகைப் புத்தகங்களைத்தான் ராத்திரி முழுக்கப் படிக்கிறேன். படிக்கப் படிக்க இன்னும் மோசமாக இருக்கிறது. வேறு ஏதாவது நல்ல புத்தகம் சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம்

இப்போதைக்குப் புத்தகம் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தப் புத்தகங்கள் ஏன் உங்களை இன்னும் கீழே தள்ளுகின்றன என்றால், நினைத்தால் முடியும் என்பதைத் திருப்பிப் போட்டால், முடியவில்லை என்றால் நீ சரியாக நினைக்கவில்லை என்று வருகிறது. வேலை போனதற்கு நீங்கள் நினைத்த நினைப்பு காரணம் இல்லை. ஐந்து மாதம் தூக்கம் கெட்டிருப்பது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, நேரே புறநோயாளிப் பிரிவுக்குப் போகலாம். போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிஷமே கூப்பிடுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது இந்த வாரம் சொல்லிவிடுங்கள், யார் திட்டாமல் கேட்பார்களோ அவரிடம்.

ராத்திரி கைக்கு ஏதாவது வேண்டும் என்றால் அறிவுரையே சொல்லாத எதையாவது படியுங்கள். துப்பறியும் கதை, பயணக் கட்டுரை, சின்ன வயதில் படித்த காமிக்ஸ். தூக்கம் வந்த பிறகு மறுபடி எழுதுங்கள், அப்போது புத்தகம் பேசலாம்.

தினம் ஒயிட்ஃபீல்டில் இருந்து மெஜஸ்டிக் வரை மெட்ரோ. ஃபோனில் படித்தால், ஆடியோவில் கேட்டால் 'படித்த' கணக்கில் வருமா?
– காடுகோடி

கதை என்றால் எதில் படித்தாலும் ஒன்றுதான். 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் ஒரு கட்டுரை வெளியானது. தகவல், விளக்கம் உள்ள எழுத்தைக் காகிதத்தில் படித்தவர்களுக்குத் திரையில் படித்தவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகப் புரிந்தது, அவசரமாகப் படிக்க வேண்டியிருந்தபோது வித்தியாசம் கூடியது. கதையில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே உங்கள் பர்ப்பிள் லைன் மெட்ரோவில் நாவலை ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள், பரீட்சைக்கோ தொழிலுக்கோ படிப்பதை அச்சில் படியுங்கள். ஆடியோவைப் பொறுத்தவரை, பையப்பனஹள்ளியில் ஏறுகிற கூட்டத்தில் புத்தகத்தை விரிக்கக் கை வேண்டுமே, கேளுங்கள். நோட்டிபிகேஷனை மட்டும் அணைத்துவிடுங்கள்.

பெங்களூரில் தமிழ்ப் புத்தகம் எங்கே கிடைக்கும்? எல்லாவற்றையும் விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.
– கம்மனஹள்ளி

சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகள் அருமையானவை, ஆனால் பெரும்பாலும் ஆங்கிலம். அவென்யூ ரோட்டில் பாடப்புத்தகங்கள் அதிகம். தமிழுக்கு அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்க நூலகம்தான் உங்களுக்குப் பக்கம், கம்மனஹள்ளியில் இருந்து எவ்வளவு தூரம் சொல்லுங்கள். கப்பன் பூங்காவுக்குள் சிவப்புக் கட்டடத்தில் மாநில மத்திய நூலகம் இருக்கிறது, ஒருதரமாவது உள்ளே போய்ப் பாருங்கள். அதே பூங்காவில் சனிக்கிழமைகளில் முன்பின் தெரியாதவர்கள் பாய் விரித்து, பேசாமல் அவரவர் புத்தகத்தைப் படித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். தமிழ்ப் புத்தகத்தோடு போய் உட்காரலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

நூலகம் என்றதும் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனவர். நூலகத்துக்கு அவர் 1931-இல் எழுதிய ஐந்து விதிகளை உலகம் முழுக்க நூலகப் படிப்பில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கடைசிக் காலத்தில் பெங்களூரில்தான் இருந்தார், 1962-இல் இங்கே ஓர் ஆய்வு மையம் தொடங்கினார், 1972-இல் காலமானதும் இங்கேதான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது அவருடைய இரண்டாவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நாலாவது. இரண்டையும் நிறைவேற்றுவது நூலகரின் வேலை. ஆகவே அலமாரி அலமாரியாக நீங்களே தேடி அலுத்துப்போகாமல், மேஜையில் இருப்பவரிடம் 'எனக்கு இன்ன மாதிரி வேண்டும்' என்று வாயைத் திறந்து கேளுங்கள். சிலர் நிமிர்ந்தே பார்க்க மாட்டார்கள், அடுத்த தடவை வேறு ஆள் இருக்கும்போது கேளுங்கள். கர்நாடகத்தில் சொத்து வரியோடு 6 சதவீதம் நூலக வரி சேர்த்து வாங்குகிறார்கள். நீங்கள் வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் கட்டுகிறார், அவர் எங்கிருந்து கட்டுகிறார் என்று உங்களுக்கே தெரியும். காசு ஏற்கனவே போய்விட்டது, புத்தகத்தை எடுத்து வராமல் இருப்பானேன்?

புத்தகத்தில் அடிக்கோடு போடலாமா?
– சிவாஜிநகர்

சொந்தப் புத்தகத்தில் பென்சிலால் போடலாம். நூலகப் புத்தகத்தில் கூடாது. இரவல் வாங்கிய புத்தகத்தில் போட்டுவிட்டீர்கள் என்றால், புதுசு ஒன்று வாங்கி அவரிடம் கொடுத்துவிட்டு இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.